214-ஆம் பிரிவில் இரண்டாம் பரிசு

லைல் ஹாஸ்கின் ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு சூட்கேஸோடும் ஒரு விண்ணப்பப் படிவத்தோடும் எங்கள் ஊர் மர்ரபிண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அவர் அக்கா க்ளெனிஸ் வீட்டுக்கு நடந்து போய்ச் சேர எட்டு நிமிடம் ஆகும். ஐந்தாவது நிமிடத்திலேயே க்ளெனிஸுக்குத் தகவல் போய்விட்டது. பஸ் நிற்கும் இடம் பேக்கரிக்கு எதிரில். பேக்கரி வாசலில் நோயல் க்ராக் நின்றிருந்தார். ஊருக்குச் செய்தி போக அதற்கு மேல் என்ன வேண்டும்?

"எத்தனை நாளைக்கு?" என்று கதவைத் திறந்ததும் கேட்டாள் க்ளெனிஸ்.

"உள்ளே வான்னு சொல்ல மாட்டியா?"

"எத்தனை நாளைக்குன்னு சொன்னா எவ்வளவு உள்ளே வரலாம்னு சொல்றேன்."

அறுபத்தொன்பது வயதில் ஒரு சினிமா டைரக்டர் அக்கா வீட்டுக்கு சூட்கேஸோடு வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். நாங்கள் ஏழெட்டு விதமாகப் பேசினோம். உண்மை அதைவிடச் சின்னது. அது அந்தப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வியில் இருந்தது.

அதற்கு முன், இவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இவர் 'உப்பேரி' எடுத்தவர். இருபத்தேழு வயதில் எடுத்த படம். ஊருக்கு மேற்கே கிடக்கிற வறண்ட உப்பு ஏரியை ஒரு பெண் நடந்து கடக்கிறாள். ஒரு மணி ஐம்பது நிமிடம் கடக்கிறாள். படப்பிடிப்பின்போது மர்ரபிண்டியில் பாதிப் பேர் கூட்டமாக நின்றோம். திரையில் ஒருத்தர் முதுகுகூடத் தெரியவில்லை. ஆனால் மத்தியானம் போட்ட ஆட்டுக்கறி பிரமாதம் என்று இன்றைக்கும் பேச்சு உண்டு. பிரான்ஸில் ஏதோ ஒரு விழாவில் அந்தப் படத்துக்கு ஒரு பித்தளைப் பறவை கொடுத்தார்கள். அது இப்போது க்ளெனிஸ் வீட்டில், காற்றடித்தால் சலவை அறைக் கதவு அறைந்துகொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது.

பறவையைப் பார்த்து அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டார்கள். பேசும் நாய் ஒன்று விண்வெளிக்குப் போகிற கதை. நாய்க்கும் இவருக்கும் முதல் நாளே ஒத்துப்போகவில்லை. படம் வெளிவந்த வாரம் இரண்டு பேரில் நாய்க்கு மட்டும்தான் அடுத்த வாய்ப்பு வந்தது. மெல்போர்னுக்குத் திரும்பி வந்து ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றில் அறுநூற்றுப் பதினான்கு வாரம் உழைத்தார். அதில் ஒரே டாக்டருக்கு நான்கு முறை ஞாபகம் தப்பியது. கடைசியாக ஈ மருந்து விளம்பரம். கேக்கின் மேல் இறங்கப் போகிற ஈ, ஒரு நொடி நம்மைப் பார்த்து யோசித்துவிட்டு, மல்லாக்க விழும். உள்ளதைச் சொன்னால், ஊர் அவரை மதிப்பது அந்த ஈக்காகத்தான். ஒரு ஈயை அப்படி யோசிக்க வைப்பது லேசான வேலையா?

இத்தனைக்கும் நடுவில் முப்பத்தொரு வருடமாக அவர் பைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது 'மழைமானி' என்ற திரைக்கதை. மழையே பெய்யாத ஊரில் தினமும் காலை ஒன்பது மணிக்கு மழையை அளந்து எழுதுகிற ஒருவரின் கதை. அதை எடுக்காமல் சாகக் கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். சிட்னியில் இருக்கிற திரைப்பட நிதியம் அதைக் கடைசித் தடவையாகப் பரிசீலிப்பதாகச் சொல்லியிருந்தது. படிவத்தில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஒன்பதாவது கேள்வி மட்டும் பாக்கி: 'கடந்த மூன்று ஆண்டுகளில் இயக்குநரின் சொந்தப் படைப்புக்கு, சுயேச்சையான நடுவர் வழங்கிய பரிசு. கட்டாயம் நிரப்பவும்.'

பித்தளைப் பறவைக்கு வயது நாற்பத்திரண்டு. அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு க்ளெனிஸின் சமையலறையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். படிவத்துக்குக் கடைசித் தேதி செப்டம்பர் முப்பது.

நான்காம் நாள் பாலெடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனவர், கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த புத்தகத்தைப் பார்த்தார். மர்ரபிண்டி விவசாயக் கண்காட்சி, செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, போட்டிப் பிரிவுகள். கிடா, கோதுமைக் கதிர், ஸ்பாஞ்ச் கேக், எலுமிச்சை ஜாம் என்று புரட்டிக்கொண்டே போனால் 214: 'அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண் தன் கையால் செய்த வேறு ஏதேனும் பொருள்.'

"க்ளெனிஸ், இதுல யாரு கலந்துக்கறா?"

"யாரும் இல்லை. தீக்குச்சியில கொட்டகை கட்டின கிழவன் போய்ச் சேர்ந்ததுலேர்ந்து காலியாத்தான் கெடக்கு."

"நடுவர் சுயேச்சையானவரா?"

க்ளெனிஸ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "மெர்ல் டன்க்லிடா. சொந்தத் தங்கச்சி கல்யாணக் கேக்கைக் கெட்டியாயிருக்குன்னு திருப்பி அனுப்பினவ. அதுக்கு மேல சுயேச்சை எங்கே கிடைக்கும்?"

ஊரில் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். மேயரைக்கூட 'டேய்' என்போம். முகத்துக்கு நேரே 'மிஸஸ்' என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரே ஆள் மிஸஸ் டன்க்லி. எண்பத்தொரு வயது. ஐம்பது வருடமாகக் கேக், ஜாம் பிரிவுகளுக்கும் கைவேலைப் பிரிவுக்கும் அவர்தான் நடுவர்.

லைல் மறுநாளே பெயர் கொடுக்கப் போனார். கண்காட்சிக் கொட்டகையின் பொறுப்பு ஜெனீன் போப் கையில். பிறர் சமாச்சாரத்தில் எனக்கு அடுத்தபடியாக அக்கறை உள்ளவள். பகல் வேளையில் அவள் சமையலறையில்தான் பதிவு நடக்கும். அன்று நோயலும் தன் கேக்கைப் பதிய வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் ஆட்டு ரோமம் கத்தரித்தவர். தோள்பட்டை போனபிறகு ஸ்பாஞ்ச் கேக்கில் இறங்கினார். ஒரே ஒரு வருடம் தவிர இன்றுவரை முதல் பரிசு அவருக்குத்தான். அந்த ஒரு வருடத்தைப் பற்றி அவர் முன்னால் யாரும் பேசுவதில்லை. அவரேதான் பேசுவார்.

"வா ஈக்காரா. என்ன பதியப் போறே?"

"ஒரு குறும்படம். நாலு வருஷம் முன்னாடி எடுத்தது. யாருக்கும் காட்டலை."

ஜெனீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் போனிலேயே படத்தின் கடைசியை ஓட்டிப் பார்த்தாள். பெயர்கள் மேலே ஏறிக்கொண்டே போயின. விரல் விட்டு எண்ணினாள். விரல் தீர்ந்ததும் நோயல் விரலைக் கடன் வாங்கினாள்.

"நாப்பத்து மூணு பேர் இருக்காங்களே லைல்?"

"ஆமா. சின்னக் குழுதான்."

"தன் கையால செய்ததுன்னு போட்டிருக்கே. கேமரா யாரு பிடிச்சது?"

"கேமராமேன்."

"சத்தம் பதிஞ்சது?"

"அதுக்கு ஒரு பொண்ணு."

"வெட்டி ஒட்டினது?"

"அதுக்கு எடிட்டர் இருக்கார்."

"நடிச்சது நீயா?"

"இல்லைம்மா."

"அப்ப நீ என்னதான் செஞ்சே?"

லைல் வாயைத் திறந்தார். நாற்பத்திரண்டு வருடத்தில் பத்திரிகைக்காரர்கள் எவ்வளவோ கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "எல்லாரும் என்ன செய்யணும்னு நான் சொன்னேன்," என்றார் கடைசியில்.

நோயல் டீக் கோப்பையை மேஜைமேல் வைத்தார். "என் பெண்டாட்டியும் அதைத்தான் செஞ்சா. ஓரமா உக்காந்து சொல்லிட்டிருந்தா. ஒரு முட்டையை மட்டும் உடைச்சா. ஒரே ஒரு முட்டை, லைல். அந்த வருஷம் கேக்கை மேஜையிலேர்ந்தே எடுத்துட்டாங்க. நீ நாப்பத்து மூணு பேரை வெச்சுக்கிட்டு வந்திருக்கே."

"அப்ப நான் தனியா ஒண்ணு எடுத்துட்டு வரேன்," என்றார் லைல், ரோஷத்தோடு.

"தனியான்னா தனியா," என்ற ஜெனீன், சந்தேகம் எதற்கு என்று அப்போதே மிஸஸ் டன்க்லிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "மிஸஸ் டன்க்லி, 214-ல ஒருத்தர் படம் எடுக்கறாராம்..."

"யாருன்னு சொல்லாதே. நடுவருக்குத் தெரியக் கூடாது."

"சொல்லலை. ஆளுங்க கூடாதுன்னு புரியுது. ஆடு வரலாமா?"

மிஸஸ் டன்க்லி சட்டத்தை யோசிக்கிறார். "ஆடு பரவாயில்லை. முட்டை மாதிரி. அது பாட்டுக்கு இருக்கும், நாம சொல்றது அதுக்கு ஏறாது."

"ஆட்டை ஓட்ட நாய்?"

"நாய் கூடாது. சொன்னதைச் செய்யும். சொன்னதைச் செய்யறது உதவி ஆள்."

லைல் குனிந்து மெதுவாக, "அக்கா கேமரா முன்னாடி நிக்கலாமான்னு கேளு," என்றார். ஜெனீன் கேட்டாள்.

"க்ளெனிஸ் சொன்னதைச் செய்ய மாட்டா. இருந்தாலும் கூடாதுன்னு அவ தம்பிகிட்ட சொல்லிடு. யாருன்னு மட்டும் எனக்குச் சொல்லாதே." போன் வைக்கப்பட்டது.

அடுத்த நான்கு வாரம் நடந்ததை க்ளெனிஸ் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாங்கள் க்ளெனிஸிடமிருந்து கேட்டோம்.

வீட்டுக்குப் பின்னால் மேய்ச்சல் நிலம். அதன் வேலியில் ஒரு கதவு. க்ளெனிஸிடம் ஒரு கிழட்டுப் பெண் செம்மறி ஆடு இருக்கிறது. கதவு திறந்திருந்தாலும் போகாமல் அதன் முன்னால் நின்று யோசிப்பது அதன் குணம். லைலுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. வேலிக் கம்பத்தில் போனை ரப்பர் பேண்டால் கட்டினார். நாலு அடி பின்வாங்கி, வழக்கப்படி கையை உயர்த்தி "ஆக்‌ஷன்!" என்றார். ஆடு நின்றது. வெயில் சாய்ந்தது. மேகம் ஒன்று வந்து போனது. நாற்பது நிமிடம் கழித்து, "கட்! அற்புதம்!" என்று கைதட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால், போனில் யாரும் பொத்தானை அமுக்கியிருக்கவில்லை.

"யாருடா அமுக்கியிருக்கணும்?" என்று ஜன்னலிலிருந்து கேட்டாள் க்ளெனிஸ்.

"கேமராமேன்," என்றார் லைல். சொன்னபிறகுதான் கேமராமேனும் தானே என்பது அவருக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் கேமராமேனை அவர் வாய்க்கு வந்தபடி திட்டுவது பக்கத்து வீடு வரை கேட்டது. ஐந்தாம் நாள் வேலையை விட்டே நீக்கிவிட்டார். அன்று மத்தியானம் முழுக்கக் கம்பத்தடியில் தனியே உட்கார்ந்திருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்பச் சேர்த்துக்கொண்டார். சத்தம் பதிகிறவர் என்ற முறையில் காற்றைக் குறை சொன்னார். சாப்பாடு போடுகிறவர் என்ற முறையில் ரொட்டிக்கு நடுவே சாசேஜ் வைத்துக் கொண்டுவந்து, டைரக்டர் என்ற முறையில் அது ஆறிப்போச்சு என்று தொடாமல் வைத்தார். ஆடு அதை முகர்ந்து பார்த்தது.

பதிவை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின காலைதான் அது அமைந்தது. பன்னிரண்டு நிமிடம், ஒரே ஓட்டமாக. ஆடு திறந்த கதவின் முன் நிற்கிறது, நிற்கிறது, கடைசி நிமிடத்தில் மெதுவாகத் திரும்பி நேராக நம்மைப் பார்க்கிறது. பிறகு உள்ளே போகிறது. லைல் அதை அக்காவுக்குக் காட்டினார்.

"இதான் முடிவா?"

"என் வாழ்க்கையிலேயே இதான் நல்ல முடிவு, க்ளெனிஸ்."

"ஆடு எப்பவும் அப்படித்தான் பார்க்கும்," என்றாள் அவள். ஆனாலும் இன்னொரு தடவை போடச் சொன்னாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை; அவர்தான் சொன்னார்.

கண்காட்சிக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை காலை நடுவர் வேலை. கொட்டகைக் கதவைச் சாத்திவிடுவார்கள். நடுவரும் பொறுப்பாளரும் தவிர யாரும் உள்ளே இருக்கக் கூடாது. அதனால் போட்டியாளர்கள் எல்லாரும் பின்பக்கத் தகரச் சுவர் ஓரமாக, ஏதோ சிகரெட் பிடிக்க வந்தவர்கள் மாதிரி நின்று காதை ஒட்டவைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். சிகரெட் பழக்கம் ஊரில் அற்றுப்போய்ப் பத்து வருடம் ஆகிறது. சுவரோரம் மட்டும் காலியாக இருந்ததில்லை. லைல் நோயலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார்.

உள்ளே மிஸஸ் டன்க்லி கேக்குகளை முடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியில் ஆறவைத்த கம்பித் தட்டின் அச்சு விழுந்து கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது, நடுவில் கத்தி வைத்து ஒரு துண்டு எடுப்பது, ஒரு வாய் வைப்பது, மீதியைத் தள்ளிவிடுவது. நோயலுக்கு முதல் பரிசு என்றதும் அவர் வானத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கைவேலை மேஜை.

"214. ஒரே பொருள்தான், மிஸஸ் டன்க்லி," என்றாள் ஜெனீனின் குரல். "பன்னிரண்டு நிமிஷம். போடட்டுமா?"

"நடுவுல ஒரு துண்டு போடு."

"ஆரம்பத்துலேர்ந்து பாத்தாத்தானே..."

"ஜெனீன், இதுவரைக்கும் நாப்பத்தோரு கேக், பதினேழு ஜாம். எதையாவது நான் முழுசாத் தின்னு பாத்திருக்கியா? நடு சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும். ஆறாவது நிமிஷத்தைப் போடு."

வெளியே லைல் தகரத்தைப் பிடித்துக்கொண்டார். "கடைசியிலதான்யா ஆடு திரும்பும்! அதுக்குத்தானே இவ்வளவும்!"

"கத்தாதே. போட்டியிலேர்ந்து தூக்கிடுவாங்க," என்று அவர் வாயைப் பொத்தினார் நோயல். அவர் கையெல்லாம் வெனிலா வாசம்.

உள்ளே ஒரு நிமிடம் போனிலிருந்து காற்று மட்டும் கேட்டது.

"இன்னொரு தடவை," என்றார் மிஸஸ் டன்க்லி.

சுவரோரத்தில் இருந்த அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நோயல் லைலின் தோளை அழுத்தினார். "அவ ரெண்டாவது வாய் எடுத்ததே இல்லைடா. ஐம்பது வருஷத்துல."

மறுபடி அந்த நிமிடம். மறுபடி காற்று. பிறகு, "அடியைத் திருப்பிக் காட்டு."

ஜெனீன் போனைக் கவிழ்த்துக் காட்டியிருக்க வேண்டும்.

"சுத்தமா இருக்கு," என்ற மிஸஸ் டன்க்லி பேனா கேட்டார்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. லைல் ஓடவில்லை, ஆனால் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு குழந்தை வண்டியை முந்தினார். 214 என்று எழுதிய மேஜையின் மேல் அவர் போன் மட்டும் தனியாகக் கிடந்தது. அதில் சிவப்பு ரிப்பன். முதல் பரிசுக்கு எங்கள் ஊரில் நீலம்.

பக்கத்தில் அட்டை, மிஸஸ் டன்க்லியின் குண்டு குண்டான எழுத்தில்: 'இரண்டாம் பரிசு. முதல் பரிசு வழங்கப்படவில்லை. சீரான பதம், அளவான நிறம். ஆனால் ஆறாவது நிமிடம் நாற்பதாவது வினாடியில் செய்தவர் பெருமூச்சு விடுகிறார். ஆட்டுக்கு முன்னால் அவருக்குப் பொறுமை போய்விட்டது.'

அவர் போனை எடுத்துக் காதில் வைத்து அந்த இடத்தைக் கேட்டார். காற்றுக்கு நடுவே ஒரு மனிதன் மூச்சை இழுத்து விடுகிற சத்தம். இருந்தது. நன்றாகவே இருந்தது.

மிஸஸ் டன்க்லி டீக் கொட்டகையில், வெண்ணெயும் ஜாமும் தடவிய ஸ்கோன் பன்னை முழுசாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு வேலை இல்லை. லைல் போய் எதிரில் நின்றார்.

"மிஸஸ் டன்க்லி, இந்தப் பிரிவுல நான் ஒருத்தன்தான்."

"ஓ, நீயா? எனக்குத் தெரியாது," என்றார் அவர் முகம் மாறாமல். "ஒருத்தன்தான்னா கவனமாத்தான் பாக்கணும். ஒப்பிட வேற ஒண்ணும் இல்லையே."

"நான் யாருக்கு அடுத்து ரெண்டாவது?"

"முதல் பரிசுக்கு அடுத்து."

"முதல் பரிசு யாருக்கும் கொடுக்கலையே!"

"கொடுக்கலைன்னா இல்லைன்னு அர்த்தமா? அது அங்கேதான் இருக்கு. நீ அதுகிட்ட வரலை." ஸ்கோன் துணுக்கை விரலால் ஒற்றி எடுத்தார். "அந்தச் செம்மறி நல்லா நிக்குது. அது இன்னும் எவ்வளவு நேரம் நிக்குமோன்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ளே நீ மூச்சு விட்டுட்டே. அடுப்பை நடுவுல திறந்த மாதிரி, அப்படியே அமுங்கிடுச்சு. சர்க்கரை எடு."

அவர் சர்க்கரையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் க்ளெனிஸ் வீட்டு டிவியில் 'உப்பேரி'யை முழுசாகப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு காட்சி முடியும்போதும் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். "பாரு, இங்கேயும். ஒரு மூச்சு முன்னாடியே வெட்டிட்டேன். இங்கேயும்! பிரான்ஸ்ல அத்தனை பேர் எழுதினான், ஒருத்தனும் இதைச் சொல்லலை."

"இன்னும் நீளமா எடுத்திருக்கணும்கறியா?" என்றாள் க்ளெனிஸ். "கடவுளே. நான் படுக்கப் போறேன்."

படிவம் போய்விட்டது. ஒன்பதாவது கட்டத்தில் 'இரண்டாம் பரிசு, மர்ரபிண்டி' என்று எழுதியிருந்தார். பிப்ரவரியில் சிட்னி நிதியத்திலிருந்து டெஸ்ஸா என்றொரு பெண் சரிபார்ப்பதற்காக ஜெனீனைக் கூப்பிட்டாள். அந்தப் பேச்சை ஜெனீன் எங்களுக்கு இதுவரை இருபது தடவையாவது நடித்துக் காட்டியிருப்பாள்.

"போட்டியில எத்தனை படைப்புங்க?"

"ஒண்ணு."

"அவருக்கு எத்தனாவது இடம்?"

"ரெண்டாவது."

"ஒரே ஒருத்தர் வந்தும் முதல் பரிசு கொடுக்கலையா?"

"தரம் இல்லைன்னா கொடுக்க மாட்டோம்."

"இவ்வளவு கண்டிப்பான நடுவர் குழுவை நான் கேள்விப்பட்டதே இல்லை," என்றாளாம் அவள், குரலே மாறி. "அங்கே ரெண்டாவது வர்றதுன்னா..."

மார்ச் முதல் வாரம் கடிதம் வந்தது. 'மழைமானி' தேர்வாகிவிட்டது. முப்பத்தொரு வருடம், இப்போது முப்பத்திரண்டாகிவிட்டிருந்தது. க்ளெனிஸ் கடிதத்தைப் படித்துவிட்டு, சலவை அறைக்குப் போய்ப் பறவையை எடுத்துத் துடைத்து அலமாரி மேல் வைத்தாள். கதவுக்கு ஒரு செங்கல்லை வைத்தாள். அவள் மனசு அப்படி.

அன்றைக்கே டெஸ்ஸா போனில் வந்தாள். லைல் பின்வாசலில் நின்று பேசினார். க்ளெனிஸ் துணி உலர்த்தும் சாக்கில் பக்கத்தில் நின்றாள்.

"நாயகனா நடிக்கிறவர் செப்டம்பர் மாசம்தான் கிடைப்பார். முதல் தேதி தொடங்கி நாலு வாரம்," என்றாள் டெஸ்ஸா.

"மூணாவது சனிக்கிழமை எனக்கு ஒரு வேலை இருக்கு."

"ஒரு நாள்தானே, லீவு விட்டுடலாம்."

"ஒரு நாள் வேலை இல்லை அது. அதுக்கு முன்னாடி நாலு வாரம் வேணும். ஆட்டைப் பழக்கக் கூடாது, நான்தான் பழகணும்."

"லைல், அறுபது பேர் குழு காத்துக்கிட்டிருக்கு. கேமரா, ஒலி, எல்லாத்துக்கும் ஆள் போட்டாச்சு."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"நீங்க டைரக்டர்!"

"அதான் கேக்கறேன்," என்றார் லைல். எகத்தாளமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். அக்டோபருக்குத் தள்ள முடியுமா என்று இவர் கேட்டார்; முடியாது என்று அவள் சொன்னாள். இவர் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். திரைக்கதையை ஒரு இளம் பெண் டைரக்டருக்குக் கொடுத்துவிடச் சொல்லி மறுநாள் எழுதினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

க்ளெனிஸ் ஈரத் துண்டோடு அவர் முன்னால் வந்து நின்றாள். "ஒரு நீல ரிப்பனுக்காக முப்பத்திரண்டு வருஷத்தைத் தூக்கிப் போட்டியா?"

"அந்தப் படத்துல அறுபது பேர் மூச்சு விடுவாங்க, க்ளெனிஸ். எது என்னோடதுன்னு எப்படித் தெரியும்?"

"பைத்தியக்காரா," என்றாள் அவள். பறவை திரும்பக் கதவடிக்குப் போனது.

பப்பில் எங்களுக்கு ஆறு மாதத்துக்குப் பேச்சு கிடைத்தது. "ஈக்காரன் சினிமாவை விட்டுட்டு ஆட்டோட சேர்ந்துட்டான்" என்று ஆளாளுக்குச் சிரித்தோம். அவரும் உட்கார்ந்து கூடவே சிரித்தார். நோயல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஜூன் மாதத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வேலிக்கு வெளியே வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டுப் போனார். சொன்னால் உதவியாகிவிடும்.

செப்டம்பர் இரண்டாம் வாரம், ஒரு காலை. கதவு திறந்திருக்கிறது. கிழட்டு ஆடு நிற்கிறது. போன் கம்பத்தில், பொத்தான் அமுக்கப்பட்டிருக்கிறது. லைல் கம்பத்தை ஒட்டி, ஓசையில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறார். க்ளெனிஸ் ஜன்னலில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். அவருக்கு டீ போட அடுப்பில் கெட்டில் ஏறியிருக்கிறது.

ஆறாவது நிமிடத்தில் ஒரு ஈ வந்தது. வசந்த காலத்து ஈ, விளம்பரத்தில் விழுந்ததைப் போல ஐந்து மடங்கு பெரியது. லைலின் மூக்கு நுனியில் இறங்கிக் கொஞ்சம் யோசித்தது. பிறகு மேலுதட்டுக்கு நடந்தது. ஊரே ஈக்காரன் என்று கூப்பிடுகிற மனிதர் கையை அசைக்கவில்லை. கண்ணில் நீர் கோத்து வழிந்தது. அதைக் குடிக்க இன்னொரு ஈ வந்தது. வேலிக்கு வெளியே நோயல் தன் தொப்பியைக் கடித்துக்கொண்டார். ஆடு நின்றது. எட்டு நிமிடம். ஒன்பது. பழைய இடத்தையெல்லாம் தாண்டி அது நின்றுகொண்டே இருந்தது.

கெட்டிலின் மூக்கில் சன்னமாக ஆவி கிளம்பியது. இன்னும் சில நொடியில் அது விசிலடிக்கும். அந்த விசில் மேய்ச்சல் நிலத்தின் மறுகோடி வரை கேட்கும். யார் சொன்னதையும் தன் வாழ்நாளில் செய்திராத க்ளெனிஸ், யாரும் சொல்லாமல், கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

லைலுக்கு இது தெரியாது. வீட்டுக்குள் போனால் கதவுச் சத்தம் வந்துவிடுமே என்று அப்போது வெளியே ஜன்னலடியில் பதுங்கியிருந்த ஜெனீனுக்குத் தெரியும். ஜெனீனுக்குத் தெரிந்தால் எங்களுக்கும் தெரியும். கெட்டிலை அணைத்தது உதவியில் சேருமா, சேராதா என்பதை மிஸஸ் டன்க்லிதான் சொல்ல வேண்டும். அவரிடம் ஊரில் யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.